ஆறு அமெரிக்கப் போத்தல்களும் அரை மார்க்கும்

அல்பர்ட்ஸ்லுண்ட்
10 யூன் 2025

அப்பா,

போனில் கதைத்தால் நீங்கள் தமிழில் கத்துவீர்கள், நான் டெனிஷில் கத்துவேன், அம்மா நடுவில் நின்று "மெதுவா, மெதுவா" என்பா. அதனால்தான் ஏழு கிழமையாக நீங்கள் எடுத்த அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. எழுதுகிறேன். பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைக் குறைசொல்லுங்கள்.

உயிர்த்த ஞாயிறன்று நடந்ததை நான் மறக்கவில்லை. நான் கட்டப்போகிற ராஸ்முஸும் அவனுடைய அம்மா கரோலும் முதல்முறையாக எங்கள் வீட்டு மேசையில் இருந்தார்கள். கலியாணத்தில் நீங்கள் எழும்பி நின்று நாலு வார்த்தை பேசிக் கிளாஸை உயர்த்த வேண்டும், இந்த நாட்டில் பெண்ணின் தகப்பன் செய்வது அது என்று சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. நீங்கள் "எனக்கு உதுகள் சரிவராது" என்றுவிட்டுக் கராஜுக்குள் போனீர்கள். இறைச்சிக் கறி ஆறும்வரை வரவில்லை. உங்களுக்கு நெஞ்சுவலியோ என்று கரோல் கேட்டா.

செப்டெம்பர் 13 கலியாணம். கரோல் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவ அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து முப்பத்தெட்டு வருசம். தன் நாட்டு வைன் மேசையில் இருக்க வேண்டுமாம். நூற்றெண்பது பேர் என்பதால் மலிவானதாகத்தான் எடுக்கலாம். ஆறு போத்தல் அனுப்புகிறேன். கூடவே ஒரு தாளும் இருக்கிறது. நிறம், மணம், சுவை எழுதி, பத்துக்கு மார்க் போடுங்கள். எந்தக் கிளாஸை உயர்த்துவது என்பதையாவது நீங்கள் தெரிவுசெய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.

மேனுஜா

பிராண்டே
19 யூன் 2025

மகள் மேனுஜா,

பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. உடைந்து வந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கணக்கில் கோட்டைவிட்டவனை மார்க் போடச் சொல்லியிருக்கிறாய். வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்புப் பேனை என் கையில். விடுவேனா? துணைப் பரீட்சகராக உன் மாமா பேனாட்டையும் கூப்பிட்டேன். படிப்பில் அவனும் என்னைப்போலத்தான், குடியில் மட்டும் பேராசிரியர்.

முதலாவது, கழுகுப் படம் போட்ட சிவப்பு. தக்கைகூட இல்லை, சோடாப் போத்தல் மாதிரித் திருகுமூடி. வாயில் வைத்ததும் நாக்கு சுருண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பச்சை வாழைக்காயைக் கடித்தால் வருமே ஒரு கயர், அதே கயர். விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்று எட்டிப் பார்த்தது. பேனாட் கப்பைத் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அத்தான், உது குடிக்கிறதுக்கோ, காயத்துக்குப் பூசுறதுக்கோ?" அரை மார்க். அதுவும் கழுகுக்குத்தான். நன்றாகக் கீறியிருக்கிறார்கள்.

இரண்டாவது, பழைய லொறிப் படம். இதுவும் சிவப்பு. பேனை மைக்குள் ஸ்ரோபெரி ஜாமைக் கரைத்து, பிறந்தநாள் கேக்குக்குப் போடும் வனிலாவையும் கொட்டினால் என்ன வருமோ அது. பேனாட்டின் பல்லெல்லாம் நீலமாகிவிட்டது. ஒரு மார்க் போட்டேன், லொறிக்காரன் பாவம்.

மூன்றாவது, இளஞ்சிவப்பு. நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அம்மாவும் ஒரு கரண்டி வாயில் விட்டா. வாழ்நாளில் பூசை வைனைத் தவிர வேறு அறியாத மனுசி. "பல்டாக்குத்தர் கொப்பளிக்கத் தாற தண்ணியெல்லோ இது!" என்றுகொண்டு ஓடிப்போய்ப் பல் தீட்டினா. சைபர். சைபருக்குக் கீழே மார்க் இருக்கிறதா என்று அந்தத் தாளில் எழுதவில்லை. மற்ற மூன்றையும் திறக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் முறைப்படிதான் செய்தோம். பிளாஸ்டிக் கப்பில் அரைவாசி வைன், அதற்கு மேல் ஐஸ், அதற்கு மேல் கோலா. கடிக்க ஆட்டிறைச்சிப் பிரட்டல். கோலாவாலேயே காப்பாற்ற முடியவில்லை என்றால் அதன் நிலைமையை யோசித்துப் பார்.

நீ எழுதிய மற்ற விசயத்தையும் வாசித்தேன். கண்ணாடி பழசு. அந்த இடம் சரியாகத் தெரியவில்லை.

அப்பா

அல்பர்ட்ஸ்லுண்ட்
24 யூன் 2025

அப்பா,

கோலாவா?

உங்கள் கடிதத்தை ராஸ்முஸுக்கு டெனிஷில் சொல்லிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்ததும் அவன் கதிரையைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் எங்கே குடித்துப் பழகினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஆட்களின் எந்தக் கொண்டாட்டமாக இருந்தாலும் மண்டபத்துக்குள் பாதரும் பெண்களும் பிள்ளைகளும் இருப்பார்கள். வெளியே பார்க்கிங்கில் பேனாட் மாமாவின் கார் டிக்கி திறந்திருக்கும். அதைச் சுற்றி நீங்கள் எல்லோரும் பிளாஸ்டிக் கப்போடு நின்று, உள்ளே ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்வீர்கள். றொஜிதன் அண்ணாவின் கலியாண அல்பத்தை எடுத்துப் பாருங்கள். பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள், மாமாக்கள் ஒருவரும் ஒரு படத்திலும் இல்லை. வெளிநாட்டுக்கு வந்த விதவைகளின் சங்கம் மாதிரி இருக்கிறது.

வைன் எல்லாவற்றுக்கும் சைபர் போட்டால் மேசையில் வைன் வராது, கிளாஸ் வராது, பேசவும் வேண்டாம், நீங்கள் வழக்கம்போல் டிக்கிக்குப் பின்னால் நிற்கலாம். இதுதானே கணக்கு? என் கலியாணத்தில் நீங்கள் எங்கே நிற்கப்போகிறீர்கள், என் பக்கத்திலா, பார்க்கிங்கிலா?

30ஆம் திகதி ராஸ்முஸ் வேலை அலுவலாக உங்களுக்குக் கிட்ட, ஹேர்னிங் வருகிறான். அந்த ஆறையும் புதிதாகக் கொண்டுவந்து தருவான். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுங்கள். ஐஸ் இல்லை, கோலா இல்லை, இறைச்சி இல்லை. முதலில் மணக்க வேண்டும், பிறகு ஒரு வாய், பிறகு துப்ப வேண்டும். ஓம், துப்பத்தான் வேண்டும்.

மேனுஜா

பிராண்டே
2 யூலை 2025

மகள்,

கோலா இல்லாமல் குடித்துப் பார்த்தேன். கோலாவுக்கு நான் செய்த நன்றிக்கேடு இப்போதுதான் விளங்குகிறது.

உன் மாப்பிள்ளை கிளாஸுக்குள் மூக்கை விட்டு, விமானநிலையத்து நாய் சூட்கேஸை மணப்பது மாதிரி மணந்தான். நானும் விட்டேன். என் மூக்கு பெரியது, நனைந்துவிட்டது. துப்புவதற்கு அம்மாவின் ஜெரேனியம் சாடியை எடுத்துவந்து வைத்தேன். செடி இரண்டு நாளாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. அம்மா என்னோடு கதைக்கிறா இல்லை.

முதல் மூன்றுக்கும் போட்ட மார்க்கில் மாற்றம் இல்லை. கோலா அவர்களுடைய குற்றத்தைப் பாதி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாலாவது, மாட்டுத்தலை போட்ட வெள்ளை. தொழிற்சாலையில் ஓக் கதவு அறுக்கும்போது எழும்பும் தூளையும் உருக்கின பட்டரையும் ஒன்றாய் அடித்துவைத்தது போல் இருந்தது. இருபத்தேழு வருசமாய் முகமூடி போட்டு மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொண்ட தூளை இப்போது கிளாஸில் ஊற்றி "மணந்து பாருங்கோ" என்கிறார்கள். ராஸ்முஸ் சொல்கிறான், வேண்டுமென்றே ஓக் பீப்பாவுக்குள் போட்டு வைப்பார்களாம். நான் கதவு செய்கிறவன். கதவை நக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. முக்கால் மார்க்.

ஐந்தாவது, தொப்பி போட்ட கிழவன். இதற்குத் தக்கை இருந்தது, கொஞ்சம் மரியாதை பிறந்தது. கிளாஸில் ஊற்றினால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டிக்குள் ஈரச் சப்பாத்தை வைத்து மூடியது போல ஒரு நாற்றம். குமட்டிக்கொண்டு வந்தது. ராஸ்முஸ் ஒருமுறை மணந்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைத்தான்.

"இது பழுதாய்ப்போன போத்தல். தக்கை கெட்டுப்போச்சு."

"அப்ப மற்றதுகள்?"

"அதுகள் உப்பிடித்தான் இருக்க வேணும்."

பழுதானதற்கும் நல்லதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை பிள்ளை. இப்படிப்பட்டவனிடமா மார்க் போடத் தந்தாய்?

ஆறாவது, மலைப் படம் போட்ட இன்னொரு வெள்ளை. வாய்க்குள் வந்தது, தன்பாட்டில் போனது. மற்றவைகளைப்போல நின்று வம்பளக்கவில்லை. மூன்று மார்க்.

போகும்போது ராஸ்முஸ் என்னிடம் டெனிஷில் ஒன்று கேட்டான். "மேனுஜா சொல்லுறா, நீங்கள் வீட்டிலை கதை நிப்பாட்டவே மாட்டியளாம். என்னோட ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" நான் அவன் தட்டில் இரண்டு மீன் ரோல்ஸ் வைத்தேன். வாய் நிறைந்தால் கேள்வி வராது. அம்மா குசினிக்குள் நின்று, "அவளுக்கு உள்ளதைச் சொல்லுங்கோவன்" என்றா. சொல்ல ஒன்றும் இல்லை. குடிக்கச் சொன்னாய், குடித்தேன். துப்பச் சொன்னாய், துப்பினேன். கோவிலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தும் வருவேன். பேசச் சொல்லாதே.

அப்பா

அல்பர்ட்ஸ்லுண்ட்
11 யூலை 2025

அப்பா,

சரி. ராஸ்முஸின் பெரியப்பா பேசுவார். வைனை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்களையும் அம்மாவையும் கதவுக்குக் கிட்ட இருக்கிற மேசையில் போட்டிருக்கிறேன். பார்க்கிங்குக்குப் போய்வர வசதியாக இருக்கும்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். பகிடி விடாமல்.

மேனுஜா

பிராண்டே
20 யூலை 2025

மேனுஜா,

பகிடி விடாமல் எழுதுவது எனக்குக் கைவராத வேலை. இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

2009ஆம் ஆண்டு, மே மாதம். உனக்கு உறுதிப்பூசுதல் நடந்தது. பதினாலு வயசு. உன் வகுப்புப் பிள்ளைகளும் ஆசிரியையும் வந்திருந்தார்கள். இங்கத்தைய தகப்பன்மார் அன்றைக்கும் எழும்பிப் பேசுவார்கள் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். நான் மூன்று கிழமை இருந்து எழுதினேன். அகராதி பார்த்து, போர்மனிடம் கொடுத்துத் திருத்தி, பதினொரு வசனம். கதவுக்கு மணல்தாள் தேய்க்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மெசினில் நின்றவன் நான் செபம் சொல்வதாக நினைத்தான்.

அன்று அப்பிள் ஜூஸ் கிளாஸோடு எழும்பினேன். முதல் வசனம் சொன்னேன். இரண்டாவது சொன்னேன். மூன்றாவதில் உன் சிநேகிதிகள் இரண்டு பேர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி நான் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். நீ என் பக்கம் திரும்பி, டெனிஷில், "அப்பா, காணும், இருங்கோ" என்றாய். உன் முகம் சிவந்திருந்தது. நான் இருந்துவிட்டேன். எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். எட்டு வசனம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பதினாலு வயசில் எனக்கும் என் தகப்பனைப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மண்டபங்களுக்குள் இருந்தால் என் கண் கதவையே தேடும். வெளியே பேனாட்டின் டிக்கிக்குப் பக்கத்தில் நான்தான் கதைகாரன். வாயைத் திறந்தால் பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார்கள், என் கதைக்காகச் சிரிப்பார்கள். குடி ஒரு சாட்டு. கப் காலியாய் இருந்தாலும் நான் அங்கேதான் நின்றிருப்பேன்.

உள்ளது இதுதான்.

அப்பா

அல்பர்ட்ஸ்லுண்ட்
1 ஓகஸ்ட் 2025

அப்பா,

எனக்கு அது நினைவில்லை.

ஒரு கிழமைக்கு மேலாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்து நினைவிருக்கிறது, கேக்கில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தது நினைவிருக்கிறது. நீங்கள் எழும்பியதும் நினைவிருக்கிறது. இருக்கச் சொன்னது நினைவில்லை. உங்களுக்குப் பதினாறு வருசம், எனக்கு ஒரு நிமிசம்கூட இல்லை. நீங்கள் அந்த வைன்களுக்கு எழுதிய வார்த்தைகளையெல்லாம் திரும்ப வாசித்தேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கிறது, குமட்டிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது எனக்கு என்னை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது. பழுதான போத்தல் எதுவென்று கண்டுபிடிக்க ராஸ்முஸ் தேவையில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். சனிக்கிழமைப் பள்ளியில் கட்டுரைக்கு எழுதியது மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்.

இப்படிச் செய்வோமா? நீங்கள் தமிழில் பேசுங்கள். வாயில் வந்ததைப் பேசுங்கள், பகிடி விடுங்கள், டிக்கிக்குப் பக்கத்தில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. நான் உங்கள் பக்கத்தில் எழும்பி நின்று வசனம் வசனமாக டெனிஷில் சொல்கிறேன். ஒரு வசனத்தையும் திருத்த மாட்டேன். பாதி மண்டபம் உங்களை முதலில் விளங்கிக்கொள்ளும், மற்றப் பாதி காத்திருக்கட்டும். ஒருநாளைக்கு அவர்கள் காத்திருக்கலாம்.

ராஸ்முஸின் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோசம், அவர் பேசப் பயந்துகொண்டிருந்தாராம்.

வைனை இன்னும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேனுஜா

பிராண்டே
9 ஓகஸ்ட் 2025

மகள் மேனுஜா,

உன் கடிதத்தை அம்மா வாசிக்கக் கேட்டா. நான் கொடுக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தா, சீனி இரண்டு தரம் போட்டிருந்தா.

பேசுகிறேன்.

நீ உன்னைப் பழுதான போத்தல் என்று எழுதியது பிழை. அந்த மார்க் போடுகிற அதிகாரம் என்னிடம் இருக்கிறது, நான் போடவில்லை.

மலைப் படம் போட்ட வெள்ளையையே எடு. பிரமாதம் என்று நினைத்துவிடாதே. மிச்சம் இருந்ததை நேற்று மறுபடியும் குடித்துப் பார்த்தேன், மூன்றை இரண்டரையாகக் குறைத்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிசன் நூற்றெண்பது பேருக்கு முன்னால் சிரித்த முகத்தோடு விழுங்கக்கூடியது அது ஒன்றுதான். சிவப்பும் வேண்டும் என்று கரோல் நின்றால் கழுகை வை. சனம் படத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்காமல் இருக்கும். இளஞ்சிவப்பை மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் நான் கராஜுக்குள் போவேன்.

பேனாட்டிடம் விசயத்தைச் சொன்னேன். அவனுக்குக் கவலை. "அத்தான், நீங்கள் உள்ளுக்கை போனால் இஞ்ச ஆர் கதை சொல்லுறது?" என்று கேட்டான். நீயும் உள்ளே வா என்றேன். "அந்த வைனையோ குடிக்கச் சொல்லுறியள்?" என்றான். உறவுக்காரன் என்றால் ஒரு அளவுக்குத்தான்.

அப்பா

பிராண்டே
17 செப்டெம்பர் 2025

மகள்,

கலியாணத்தில் நீ மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தபடியால் பாதியை நீ காணவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எழும்பி நின்று ஆறு போத்தலின் கதையைச் சொன்னபோது எங்கள் பக்கம் முதலில் சிரித்தது, நீ டெனிஷில் சொல்லிமுடித்ததும் அந்தப் பக்கம் சிரித்தது. ஒரே பகிடிக்கு இரண்டு தரம் சிரிப்பு வாங்கினேன், டிக்கிக்குப் பக்கத்தில் அப்படிக் கிடைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு கரோல் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தா. முகத்தைச் சுளித்தபடி என் காதுக்குள் சொன்னா: "தாசன், இது சரியான கூடாத வைன்." இதற்கு முதல் குடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "இல்லை. என்ர நாட்டுப் பேர் மேசையிலை இருந்தாக் காணும் எண்டுதான் கேட்டனான்." முப்பத்தெட்டு வருசமாகியும் தன்னுடைய டெனிஷைக் கேட்டுக் கடைக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்களாம். அவவின் டெனிஷ் எனக்கு நன்றாக விளங்கியது. என்னுடையது அவவுக்கும் விளங்கியது. எங்கள் இரண்டு பேரையும் திருத்த அங்கே ஒருவரும் நிற்கவில்லை.

இப்போது முக்கிய விசயம். ஒரு வசனத்தையும் திருத்த மாட்டேன் என்று எழுதினாய். திருத்தவில்லை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். கடைசியில் நான் சொன்னேன்: "இவள் பள்ளிக்கூடம் போய்த்தான் இந்த நாட்டு மொழி எங்கட வீட்டுக்குள்ளை வந்தது. டாக்குத்தர், வங்கி, வரிக்கந்தோர், எல்லாத்துக்கும் இவள்தான் எனக்கு வாய். இனி ஒரு சொல் விளங்காட்டி நான் ஆரைக் கேப்பன்?" நீ அதை டெனிஷில் சொல்லாமல் தட்டைப் பார்த்தாய். பிறகு கிளாஸைத் தூக்கி "ஸ்கோல்" என்றுவிட்டாய். சனம் எழும்பிக் குடித்தது. நூற்றெண்பது முகமும் ஒரே நேரத்தில் கோணியதை நான் கண்ணால் கண்டேன். இரண்டரை மார்க் கூடிப்போய்விட்டது.

சாப்பாடு முடிந்து நீ உடுப்பு மாற்றப் போனபோது ராஸ்முஸ் என்னிடம் வந்தான். கடைசியாக என்ன சொன்னீர்கள், அதை மட்டும் மேனுஜா சொல்லவில்லையே என்று கேட்டான். அம்மாவைத் தேடினேன், பக்கத்தில் இல்லை. பேனாட் பார்க்கிங்கில். சரி என்று நானே சொன்னேன், என் டெனிஷில். உடைத்து உடைத்து, இரண்டு இடத்தில் கையால் காட்டி. முழுவதையும் சொல்லிமுடித்தேன். அவன் சிரிக்கவில்லை, இடையில் ஒரு சொல்லும் எடுத்துத் தரவில்லை, முடியும்வரை நின்றான்.

"என்னைக் கேளுங்கோ" என்றான்.

மரியாதைக்குச் சொல்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். இன்று காலை கொம்யூன் கந்தோரிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, ஒரு கடிதம் வந்தது. ஒரு சொல் விளங்கவில்லை. அவனுடைய நம்பரை அடித்துப் பார்த்தேன். உன்னைப்போல இல்லை பிள்ளை, இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

அப்பா